புயல் நெருங்கும்போது படகு வைத்திருப்பவர்கள் வானிலை அறிவிப்பில் எதைப் பார்ப்பார்கள்?

அமெரிக்கக் கரையோரத்தில் ஹரிக்கேன் வருகிறது என்றால் படகுக்காரர்கள் நாள் முழுக்க முன்னறிவிப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். சென்னையிலும் அப்படித்தானா, பார்த்தால் அதில் எதைப் பார்ப்பீர்கள் என்பது கேள்வி.

அப்படித்தான். அங்கே ஹரிக்கேன், நம் வங்கக் கடலில் சைக்ளோன், ரெண்டும் ஒரே சமாச்சாரம். நான் ராயபுரம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் எங்களுக்கு ஒரு லாஞ்சு (பெரிய விசைப்படகு) உண்டு, சித்தப்பாவோடு பங்கு. அது போக ஒரு ஃபைபர் படகு. நான் கடலுக்குப் போகிறவன் இல்லை. டீசல், ஐஸ், கணக்கு வழக்கு என் பொறுப்பு. அக்டோபர் பிறந்துவிட்டால் இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும்: போனைப் பார்த்துச் சொல்வது. சித்தப்பா காலையில் எழுந்ததும் கேட்பது, "இன்னாடா, ஐரோப்பாக்காரன் இன்னா சொல்றான்?" ஐரோப்பிய வானிலை மாடலை, அதாவது அவர்களுடைய கணினிக் கணிப்பைச் சொல்கிறார். அமெரிக்க மாடல் மேல் அவருக்கு நம்பிக்கை குறைவு. காரணம் கேட்டால் சொல்ல மாட்டார்.

புயல் சின்னம் உருவானால் ஊரில் எல்லாரும் பார்ப்பது மழையை. எத்தனை சென்டிமீட்டர், ஸ்கூல் லீவா, வேளச்சேரியில் காரை எந்தப் பாலத்து மேல் ஏற்றி நிறுத்துவது. எங்களுக்கு முதல் கேள்வி ஒன்றுதான்: நமக்கு வடக்கேயா, தெற்கேயா?

நம் பக்கத்துப் புயலில் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். மையம் நெல்லூர், ஸ்ரீஹரிகோட்டா பக்கம் கரை ஏறினால் சென்னைக்குக் காற்று தரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். தண்ணீர் வெளியே தள்ளப்படும். மாமல்லபுரத்திலோ புதுச்சேரியிலோ ஏறினால் நாம் புயலின் வலது கையில், அதாவது அது போகிற திசைக்கு வலப்பக்கம், இருக்கிறோம். வாடையும் (வடகாற்று) கொண்டலும் (கிழக்குக் காற்று) கலந்து கடலிலிருந்து நேராக உள்ளே வரும், அதோடு கடலும் வரும். ஒரே வேகத்தில் வரும் புயல்தான், ஆனால் படகுக்கு இது ரெண்டும் வேறு வேறு புயல்.

துறைமுகத்தில் ஏற்றுகிற எச்சரிக்கைக் கூண்டு சொல்வதும் இதைத்தான். 5-ம் எண் கூண்டு என்றால் புயல் துறைமுகத்தைத் தன் இடக்கைப் பக்கம் விட்டுக் கடக்கும் என்று அர்த்தம். 6 என்றால் வலக்கைப் பக்கம். 7 என்றால் துறைமுகத்தின் மேலேயே, அல்லது ஒட்டினாற்போல். 5-ஐ விட 6 'ஒரு படி கூடுதல் ஆபத்து' என்று பலர் நினைக்கிறார்கள். அது படி இல்லை, பக்கம். செய்தியில் வெறும் எண்ணை மட்டும் வாசித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சிக்கல் எங்கே என்றால், வானிலை மையம் 48 மணி நேரம் முன்னால் சொல்கிற பாதையில் சராசரியாக நூறு கிலோமீட்டரை ஒட்டிப் பிழை இருக்கும். உலகத் தரத்தில் அது நல்ல கணிப்புதான், குறை சொல்லவில்லை. ஆனால் காசிமேட்டிலிருந்து தெற்கே நூறு கிலோமீட்டர் போனால் மாமல்லபுரத்தைத் தாண்டிவிடுவோம். வடக்கே அதே தூரம் போனால் ஸ்ரீஹரிகோட்டாவைத் தாண்டிவிடுவோம். எங்களுக்கு வேண்டிய ஒரே பதில் அந்தப் பிழைக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. 12 மணி நேரம் இருக்கும்போது பதில் தெளிவாகத் தெரியும்தான். அப்போது கிரேனும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது.

2016 வர்தா இப்படித்தான் வந்தது. டிசம்பர் 9, 10-ம் தேதிகளில் ஆந்திராவுக்குப் போகிறது, நெல்லூருக்கு வடக்கே என்றே பேச்சு. 11-ம் தேதி பாதை தெற்கே இறங்கி, 12-ம் தேதி மத்தியானம் நம் தலைமேலேயே வந்துவிட்டது. ஜெயலலிதா இறந்து ஒரு வாரம். அதைவிட எங்களுக்குப் பெரிய பிரச்சினை, 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஃபைபரை மேலே தூக்கி வைக்க கிரேன்காரர் ரொக்கம் கேட்டார். ஏடிஎம் வாசலில் அப்பா நின்றார், இன்னொரு ஏடிஎம்மில் நான் நின்றேன். ரெண்டிலும் பணம் வரவில்லை. கடைசியில் பக்கத்துத் தெரு, எதிர்த்தெரு ஆட்கள் பதினைந்து, இருபது பேர் சேர்ந்து கைத்தள்ளாகத் தள்ளி ஏற்றினோம். மறுநாள் காற்று முதலில் வடக்கிலிருந்து அடித்தது. சாயங்காலம் நடுவில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. முடிந்தது என்று சிலர் வெளியே போய் படகைப் பார்க்கக் கிளம்பினார்கள். சித்தப்பா கத்தி நிறுத்தினார். மையம் கடந்ததும் அதே காற்று தெற்கிலிருந்து திரும்பி வந்தது. வடக்குக் காற்றுக்காகக் கட்டிய கட்டு தெற்குக் காற்றுக்கு உதவாது.

கட்டு என்றதும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் ஆளுக்கு ஆள் சண்டை. காசிமேட்டில் லாஞ்சுகளை ஒன்றை ஒட்டி ஒன்றாக நாலைந்து வரிசை கட்டுவோம், வேறு இடம் கிடையாது. அமெரிக்காவில் கால்வாய்க்குள்ளே கொண்டுபோய் மறைவாகக் கட்டுவார்களாம். நம்மூர் கூவம், அடையாறு முகத்துவாரங்கள் மணல் அடைத்துக் கிடக்கின்றன. லாஞ்சு எங்கே நுழையும்? அதனால் புயலில் எங்கள் படகை உடைப்பது பெரும்பாலும் கடல் இல்லை, பக்கத்துப் படகு. நடுவே பழைய லாரி டயர் தொங்கவிட வேண்டும். கயிற்றை இழுத்து இறுக்கிக் கட்டினால் தண்ணீர் ஏறும்போது படகு ஏற முடியாமல் கயிறு அறுந்துவிடும். தளர்த்திக் கட்டினால் ஆடி ஆடி மோதும். எவ்வளவு விடுவது என்பதற்குக் கணக்கு கிடையாது. சித்தப்பா நைலான் கயிற்றை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு நாலு அலை எண்ணுவார், அப்புறம் ஒரு முழம் விடுவார், இல்லையென்றால் விட மாட்டார். கயிறு மரத்தில் உரசுகிற இடத்தில் பழைய டியூப்பைச் சுற்றுவது மட்டும் என் வேலை. ராத்திரி முழுக்கத் தண்ணீர் இறைக்க ஒருத்தர் படகிலேயே இருக்க வேண்டும் என்பார் டிரைவர், ஒருத்தரும் இருக்கக் கூடாது என்பார்கள் அதிகாரிகள். அதிகாரிகள் சொல்வதுதான் சரி. ஆனால் காலி லாஞ்சு மழைத் தண்ணீரிலேயே மூழ்கிப்போவதை நான் பார்த்திருக்கிறேன்.

2023 டிசம்பர் மிக்ஜாமில் எங்களுக்கும் மழைத் தண்ணீர்தான் பிரச்சினை. அது வடக்கே போய் ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரை கடந்தது. நகரமே மூழ்கியது, எங்கள் லாஞ்சுக்குக் காற்றால் பெரிய அடி இல்லை. ரெண்டு நாள் இறைத்த தண்ணீர்தான் கணக்கு. எண்ணூர்க்காரர்களுக்கு அந்த வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. படகு, வலை எல்லாம் கறுப்பு. அது தனிப் பஞ்சாயத்து.

புயல் வருமா வராதா என்று காத்திருப்பதற்கும் செலவு உண்டு. 2024 நவம்பரில் ஃபெங்கல் (ஃபெஞ்சல் என்றார்கள், ஃபெய்ஞ்சல் என்றார்கள், எங்கள் டிரைவர் கடைசி வரை 'பென்சில்' என்றுதான் சொன்னார்) புயலாகும் என்றார்கள், ஆகாது என்றார்கள், கடைசியில் ஆகி 30-ம் தேதி புதுச்சேரி பக்கம் ஏறியது. அதுவரை ஒரு வாரம் கடலுக்குப் போகக் கூடாது. போகாத நாளுக்கும் வட்டி ஓடும். அதனால்தான் முதல் எச்சரிக்கைக்கே எல்லாரும் படகை ஏற்றிவிடுவதில்லை. அதை அலட்சியம் என்று டிவியில் பேசுகிறவர்களுக்கு கிரேன் வாடகை தெரியாது.

கடலில் ஏற்கெனவே இருக்கிற படகுகள் வேறு கதை. பத்து நாள் தொழிலுக்குப் போன லாஞ்சு ஆந்திரா பக்கம் நிற்கும், வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. 2017-ல் ஒக்கி வந்தபோது குமரி ஆழ்கடல்காரர்கள் பல நாள் முன்பே கிளம்பிப் போயிருந்தார்கள், கரையில் சொன்ன எச்சரிக்கை அவர்கள் காதுக்குப் போகவே இல்லை. அதற்குப் பிறகு இஸ்ரோவின் ட்ரான்ஸ்பாண்டர் வந்திருக்கிறது, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி போகும். எங்கள் லாஞ்சிலும் ஒன்று இருக்கிறது.

கேள்விக்கு நேரடிப் பதில் 2022 மாண்டஸ். வர்தாவோடு ஒப்பிட்டால் காற்று ரொம்பக் குறைவு. வானிலை மையம் மாமல்லபுரம் பக்கம் என்றது, டிசம்பர் 9-ம் தேதி ராத்திரி மாமல்லபுரம் பக்கமே ஏறியது. தெற்கே ஏறியதால் நாங்கள் வலது கையில். சாயங்காலம் நாலு மணிக்கே போனைக் காட்டி எல்லாரிடமும் சொல்லியிருந்தேன், எங்கள் வரிசையில் ஐந்து லாஞ்சு, கூடுதலாக டயரும் போட்டோம். விடிந்து போய்ப் பார்த்தால் வெளி ஓரத்தில் கட்டியிருந்த லாஞ்சு மூழ்கி, மேல்தளம் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. எங்களுடையது மூன்றாவது. பக்கப் பலகை ரெண்டு உடைந்து, டயர்கள் நடுவில் தேய்ந்து கம்பி தெரிந்தது.

மூழ்கிய லாஞ்சின் ஓனர் அண்ணன் கரையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"நேத்து உன் போன்ல எங்க ஏறும்னு காட்டுச்சு தம்பி?"

"மாமல்லபுரம்ணா."

"கரெக்டாதான் காட்டிக்கீது" என்றார். பீடியை முடித்துவிட்டு, பம்பு யாரிடம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு எழுந்தார்.