வாசகர் கேள்வி – சட்டப் பதில்: கொலுசுப் பையை எதுவரை சோதிக்கலாம்?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்கிறேன். ஆர்டர் எடுக்க மாதிரிக் கொலுசுகளுடன் விமானத்தில் போய் வருவது வழக்கம். அண்மையில் வெளிமாநில விமான நிலையம் ஒன்றில் பாதுகாப்புச் சோதனையின்போது என் பையைத் திறந்தவர், கொலுசுகளுக்குப் பில் கேட்டதோடு நில்லாமல், வசூல் பணத்தையும் எண்ணிப் பார்த்து, 'இது யாருடைய பணம்?' என்று நெடுநேரம் விசாரித்தார். அமெரிக்காவில் இருக்கும் என் மகன், அங்கே இதற்கு அரசியலமைப்பு இடம் தராது என்கிறான். நம் நாட்டில் என்ன நிலை?
– வெள்ளி வியாபாரி, சேலம்

பதில்: பையைத் திறந்தது சரி; பணத்தை எண்ணியது அவர் வேலையல்ல.

எக்ஸ்ரே திரையில் உலோகம் நீல நிறமாகத் தெரியும். அடர்த்தி ஏற ஏற அது கருமையாகிவிடும். ஜோடி ஜோடியாகக் கட்டி அடுக்கிய கொலுசுகள் ஒரு கரிய திட்டாகத்தான் விழும் என்பதால், அதற்கு அடியில் கத்தி இருக்கிறதா, வேறேதும் இருக்கிறதா என்று திரையைப் பார்த்துச் சொல்ல இயலாது. எனவே கட்டை அவிழ்த்து, அடியில் கைவிட்டுப் பார்ப்பது அவருடைய கடமை. பார்த்தது கொலுசுதான் என்று தெளிவானதும் அந்தக் கடமை முடிந்துவிடுகிறது.

இந்த அதிகாரம் எதற்காக வந்தது என்பதைப் பார்த்தால் அதன் எல்லையும் விளங்கும். 1985இல் கனிஷ்கா விமானம் குண்டுவெடிப்பில் சிதறிய பின்னர், 1987இல் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் தனித் துறையாக்கப்பட்டது. 1999 டிசம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் காந்தஹாருக்குக் கடத்தப்பட்டதையடுத்து, 2000ஆம் ஆண்டு முதல் விமான நிலையங்களின் பாதுகாப்பு மத்திய தொழிற்பாதுகாப்புப் படையின் (சி.ஐ.எஸ்.எஃப்.) வசம் வரத் தொடங்கியது. இரண்டு முறையும் நோக்கம் வெடிகுண்டையும் ஆயுதத்தையும் தடுப்பதுதான். வரி ஏய்ப்பைக் கண்டுபிடிக்க வேறு துறைகள் இருக்கின்றன.

உங்கள் மகன் சொல்வது பெரும்பாலும் உண்மை. அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் நியாயமற்ற சோதனையைத் தடை செய்கிறது. விமான நிலையச் சோதனைக்கு வாரண்ட் தேவையில்லை என்றாலும், ஆயுதத்தையும் வெடிபொருளையும் கண்டறியத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது என்று 1973இல் டேவிஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று வரையறுத்தது. 2009இல் செயின்ட் லூயிஸ் நிலையத்தில் ஏறத்தாழ 4,700 டாலர் ரொக்கம் வைத்திருந்த பயணி ஒருவரைத் தனியே அழைத்துப் போய், உங்களிடம் கேட்டதைப் போன்ற கேள்விகளையே கேட்டார்கள். அவர் அந்த உரையாடலைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு வழக்குத் தொடுக்கவே, விமானப் பாதுகாப்புக்குத் தொடர்பில்லாத குற்றங்களைத் தேடிச் சோதிக்கக் கூடாது என்று அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் தன் விதியைத் திருத்தியது. அங்குள்ள சோதனையாளருக்குக் கைது செய்யும் அதிகாரமும் இல்லை. ஆனால் அவர் காவல் துறையை அழைக்கலாம், அழைக்கவும் செய்கிறார் என்பதை மகனிடம் சொல்லுங்கள்.

நம் அரசியலமைப்பில் அமெரிக்காவின் நான்காவது திருத்தத்தைப் போன்ற தனிப் பிரிவு கிடையாது. இதைச் சுட்டிக்காட்டியே 1954இல் எம்.பி. சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்க உரிமையை ஏற்க மறுத்தது. 1978இல் மேனகா காந்தி வழக்கு, தனிமனித சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தும் நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும் என்றது. 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம், உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் 21ஆவது பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்து, பழைய கருத்தை நீக்கினர். அதில் தலையிடச் சட்டத்தின் ஆதாரம் வேண்டும், முறையான நோக்கம் வேண்டும், அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவோடு தலையீடு நிற்கவும் வேண்டும். உங்கள் பணத்தை எண்ணியது இந்த மூன்றாவது நிபந்தனையில் தேறாது என்பது என் கருத்து.

ஆனால் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. முறைகேடான சோதனையில் கிடைத்த சான்றை அமெரிக்க நீதிமன்றங்கள் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். நம் உச்ச நீதிமன்றமோ, சோதனை முறைகேடானது என்பதற்காக மட்டும் சான்றைத் தள்ளிவிட முடியாது என்று 1973இல் பூரண்மல் வழக்கில் கூறிவிட்டது. ஆகவே நம் ஊர் வியாபாரிக்கு உரிமைப் பேச்சைக் காட்டிலும் காகிதமே கைகொடுக்கும். உள்நாட்டில் இவ்வளவு ரொக்கம்தான் கொண்டு செல்லலாம் என்று சட்டம் வரம்பு விதிக்கவில்லை. இருப்பினும் வசூல் ரசீதுகளையும் மாதிரிக் கொலுசுகளுக்கான டெலிவரி சலானையும் (சரக்கை எடுத்துச் செல்வதற்கான சீட்டு) பையிலேயே வைத்திருங்கள்.

மத்திய தொழிற்பாதுகாப்புப் படைச் சட்டம் 1968, அந்தப் படையினருக்கு வாரண்ட் இன்றிக் கைது செய்யும் அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. பணியிலுள்ளவர்களைத் தாக்குதல், மிரட்டுதல், அவர்கள் காக்கும் வளாகத்தின் சொத்து தொடர்பான குற்றம், உயிருக்கு உடனடி ஆபத்து ஆகியவையே அதற்குக் காரணங்கள். கைதானவரைத் தாமதமின்றிக் காவல் துறையிடம் ஒப்படைக்கவும் வேண்டும். கொலுசுக்குப் பில் இல்லாதது இந்தப் பட்டியலில் இல்லை. சந்தேகம் எழுந்தால் வருமான வரித் துறைக்கோ காவல் துறைக்கோ தகவல் சொல்லலாம்; அதன் பிறகு கேள்வி கேட்க வேண்டியவர்கள் அந்தத் துறையினர். சோதனை மேடையில் நிற்பவர் மாநிலக் காவலர் என்றால், அவருக்குக் காவலர் என்ற முறையில் கூடுதல் அதிகாரம் உண்டு. அதற்கும் நியாயமான சந்தேகம் வேண்டும்.

மறுபடியும் இப்படி நேர்ந்தால் குரலை உயர்த்தாமல், 'பணி மேற்பார்வை அதிகாரியை அழையுங்கள், அவரிடம் சொல்கிறேன்' என்று கேளுங்கள்.

கேள்வி: விமான நிலையத்தில் உலோகம் கண்டறியும் வாசல் கருவி ஒலித்ததும், பலர் பார்க்க என்னைத் தடவிச் சோதிக்க வந்தார் ஒரு பெண் காவலர். மறுக்கலாமா? கைப்பேசியைத் திறந்து காட்டச் சொன்னால்?
– பள்ளி ஆசிரியை, ஏற்காடு

பதில்: சோதனையையே மறுத்தால் விமானம் ஏற முடியாது, அது குற்றமாகாது, பயணம்தான் போகும். ஆனால் திரை மறைவில் சோதியுங்கள் என்று தாராளமாகக் கேட்கலாம். பெண்களுக்கான மறைப்பு அறை இருப்பது அதற்காகத்தான். வெளிநாட்டிலிருந்து வரும்போது சுங்க அதிகாரி சோதித்தால் அது வேறு சட்டம்: 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும், கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் அழைத்துச் செல்லுமாறு நீங்கள் கோரவும் முடியும்.

கைப்பேசி உண்மையிலேயே கைப்பேசிதானா என்று உறுதி செய்ய, அதை ஒளிரவிட்டுக் காட்டச் சொல்லலாம். படங்களையும் வாட்ஸ்அப்பையும் திறக்கச் சொல்ல, சோதனை மேடையில் நிற்பவருக்கு அதிகாரம் இல்லை. வற்புறுத்தினால் அவருடைய பெயர்ப் பட்டையையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, சிசிடிவி பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி நிலைய நிர்வாகத்துக்கு அன்றே எழுத்துமூலம் கொடுத்துவிட்டு, விமானப் பயணிகளின் குறைகளுக்கான அரசின் ஏர்சேவா தளத்திலும் புகாரைப் பதிவு செய்யுங்கள்.