காங்கிரஸ் கடலை பாட்டிலை என்ன செய்வது?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் மாமனார் தொடங்கிய பேக்கரியை நானும் கணவரும் நடத்துகிறோம். ஒரே ஓவன், ஒரே மிக்ஸர். பிரெட், காரா பன், பஃப்ஸ், கேக், கல்லாவுக்குப் பக்கத்தில் பெரிய பாட்டிலில் காங்கிரஸ் கடலை, அதாவது காரம் போட்ட மசாலா வேர்க்கடலை. எங்கள் ஆறு வயது மகனுக்கு வேர்க்கடலையும் முட்டையும் அலர்ஜி என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் பள்ளியில் இதே பிரச்சினை உள்ள பிள்ளைகளின் அம்மாக்கள், ‘நீங்களே ஏதாவது செய்து தாருங்களேன்’ என்கிறார்கள். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ள ஒருவர் கோதுமை சேராத ராகி பிஸ்கட் கேட்கிறார். ‘அலர்ஜி இல்லாத பேக்கரி’ என்று போர்டை மாற்றலாமா? மாமனாரோ, ‘கடலையை எடுத்தால் சாயங்கால வியாபாரம் படுத்துவிடும், விலை ஏறினால் தெருக்காரர்கள் வர மாட்டார்கள்’ என்கிறார்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்த போர்டு மட்டும் வேண்டாம். ஒருவருக்குப் பால், இன்னொருவருக்கு சோயா, வேறொருவருக்கு எள் ஒத்துக்கொள்ளாது. எல்லாருக்கும் ஆகும் என்று எந்த பேக்கரியும் சொல்ல முடியாது. ‘இந்தக் கடையில் வேர்க்கடலை இல்லை, முட்டை இல்லை’ என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதி வையுங்கள். இந்த இரண்டையும் வாசலோடு நிறுத்த உங்களால் முடியும்.

முட்டை பெரிய விஷயமே இல்லை. உங்கள் ஊர் ஐயங்கார் பேக்கரிகள் முட்டை தொடாமலேயே தலைமுறை தலைமுறையாகக் கேக் விற்கின்றன. சோடாவும் வினிகரும் கேக்கை எழுப்பிவிடும். பிஸ்கட்டில் முட்டைக்குப் பதில், ஆளி விதைப் பொடி ஒரு ஸ்பூனை மூன்று ஸ்பூன் தண்ணீரில் ஊறவைத்துச் சேர்த்தால் பிடித்துக்கொள்ளும். முட்டை பஃப் கேட்டு வருகிறவர் கொஞ்ச நாள் முகம் சுளிப்பார், அவ்வளவுதான்.

சிரமம் கடலையில்தான். கார்த்திகை மாதத்தில் பசவனகுடியில் கடலைக்காய்ப் பரிஷே என்று கடலைக்கே திருவிழா எடுக்கிற ஊரில், பேக்கரியில் கடலை இல்லை என்றால் யார்தான் ஒப்புக்கொள்வார்கள்! ஆனாலும் உங்கள் கல்லாவில் ஒரு சாயங்காலம் நின்று பாருங்கள். பாட்டிலிலிருந்து கடலையை அள்ளிப் பொட்டலம் கட்டிய கை அப்படியே பன்னை எடுக்கிறது. இந்தக் கடலையை உள்ளே வைத்துத் தரும் காங்கிரஸ் பன்னுக்கு வெண்ணெய் தடவிய கத்திதான் அடுத்து கேக்கையும் வெட்டுகிறது. வறுத்தாலும் ஓவனில் வைத்தாலும் வேர்க்கடலையின் வீரியம் போகாது. கைக்கு சானிடைசர் போட்டாலும் போகாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். அதனால் பாட்டிலை ஓரமாக நகர்த்தி வைப்பதில் பயனில்லை, கடையை விட்டே போக வேண்டும். அதே மிளகாய், மஞ்சள், கறிவேப்பிலையோடு பொட்டுக்கடலையைப் போட்டு விற்றுப் பாருங்கள். சாயங்காலம் டீயோடு கொறிக்க வருகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் அந்த காரத்துக்காகத்தான் வருகிறார்கள் என்பது என் எண்ணம். ஆனால் வேர்க்கடலை ஆகாத சிலருக்கு மற்ற பருப்பு வகைகளும் ஆகாது. மகனுக்குக் கொடுப்பதற்கு முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாட்டில் போனால் மட்டும் கடலை போய்விடாது. வேலை செய்கிற பையன்கள் மதியம் கொண்டுவரும் சித்ரான்னத்தில் கடலை இருக்கும், இட்லிக்கான சட்னியிலும் இருக்கும். சாப்பாடு மாவறைக்கு வெளியே, சாப்பிட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவல் என்று சட்டம் போடுங்கள். சாக்கில் அள்ளி விற்கும் முந்திரி, திராட்சை வேண்டாம், பக்கத்துச் சாக்கில் கடலை இருக்கும். கேக் மேல் தூவும் மலிவான ‘பிஸ்தா’ பல சமயம் பச்சைச் சாயம் போட்ட வேர்க்கடலைதான். சீல் வைத்த பாக்கெட் வாங்கி, ஒவ்வொரு முறையும் பின்பக்கத்தைப் படியுங்கள், கம்பெனிக்காரர்கள் சொல்லாமல் பொருளை மாற்றுவார்கள். பழைய மரக்கட்டை, பிரஷ், விரிசல் விட்ட டப்பாக்களைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ராகி பிஸ்கட் கேட்பவரிடம் ‘எங்களிடம் வேண்டாம்’ என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று எழுத வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. நாள் முழுக்க மைதா பறக்கிற அறையில் அது நடக்கிற காரியமா? ராகியை அரைக்கக் கொடுக்கும் மில்லில் அதற்கு முன்னால் யாரோ கோதுமை அரைத்திருப்பார்கள். காரா பிஸ்கட்டில் போடும் கூட்டுப் பெருங்காயத்திலேயே பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். ராகி பிஸ்கட்டை ராகி பிஸ்கட்டாகவே விற்கலாம், சீலியாக் உள்ளவருக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

பாக்கெட் போட்டு விற்பவற்றுக்கு 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிகள் உண்டு. குளூட்டன் உள்ள தானியம், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சல்பைட் (கெடாமல் இருக்கச் சேர்ப்பது) ஆகியவை இருந்தால் எழுதியாக வேண்டும். எள் அந்தப் பட்டியலில் இல்லை. பன் மேல் நீங்கள் தூவுகிறீர்களே, அதையும் எழுதிவிடுங்கள். பச்சைப் புள்ளியைப் பார்த்துப் பால் இல்லை என்று நினைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். பால் சேர்ந்த பொருளுக்கும் பச்சைப் புள்ளிதான்.

கல்லாவில் நிற்கும் பையனுக்குச் சொல்லித்தர வேண்டியது ஒன்றே ஒன்று. யாராவது ‘இதில் அது இருக்கா’ என்று கேட்டால், ‘ஒண்ணும் ஆகாது, சாப்பிடுங்க’ என்று சொல்லவே கூடாது. ‘தெரியலை, கேட்டுச் சொல்றேன்’ என்று சொல்ல வேண்டும். இது எளிதாக வராது. நம் ஊர்க் கடைக்காரருக்கு ‘தெரியாது’ என்று சொல்வது கௌரவக் குறைச்சல். சாப்பிட்ட யாருக்காவது முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ யோசிக்காமல் 108-க்கு போன் செய்யவும் அவனுக்குச் சொல்லி வையுங்கள்.

விலை விஷயத்தில் நான் மாமனார் பக்கம். டீயோடு பன் சாப்பிடும் ஆட்டோக்காரரும் கணக்கு நோட்டில் எழுதிவிட்டு பிரெட் வாங்கும் வீடும் உங்கள் மாற்றத்துக்குக் காசு கொடுக்கக் கூடாது. முட்டைச் செலவு மிச்சம், அது ஓரளவு ஈடுகட்டும். கூடுதல் செலவை ஆர்டர் பிறந்தநாள் கேக்கில் வையுங்கள், அதை வாங்குகிறவர் கொடுப்பார். பள்ளியில் பிறந்தநாளுக்கு வகுப்பு முழுக்க இனிப்பு கொடுக்கும்போது உங்கள் மகன் கையைக் கட்டிக்கொண்டுதானே உட்கார்ந்திருக்கிறான்? அந்த அம்மாக்களிடம் பேசி, வகுப்புக்கு மொத்தமாகச் சின்ன பன் ஆர்டர் வாங்குங்கள். சாயங்காலம் கடலையில் விழும் துண்டு இதில் கொஞ்சம் நிரம்பும். மாமனாரிடமும் இந்தக் கணக்கையே காட்டுங்கள், வாதம் வேண்டாம்.

இதையெல்லாம் டிசம்பரில் ஆரம்பிக்காதீர்கள். பிளம் கேக் ஆர்டரும் முந்திரி மூட்டையுமாக இருக்கும் நேரத்தில் எந்த டப்பாவில் எது இருந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. பொங்கல் முடிந்து வியாபாரம் கொஞ்சம் மந்தமானதும் இரண்டு நாள் கடையை மூடி, எல்லாவற்றையும் கழுவிவிட்டுத் தொடங்குங்கள்.