இறகு உதிர்க்கும் கோழி

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் உள்ள வெருலம் அருகே இரண்டு ஏக்கரில் குடும்பத்தோடு இருக்கிறேன். ஒரு பசு, நான்கு ஆடுகள், பதினொரு கோழிகள். மார்ச் வரை நாளுக்கு எட்டு முட்டை கிடைத்தது. இப்போது ஒன்று கிடைத்தாலே பெரிது. தீவனச் செலவு மட்டும் குறையவில்லை. விற்றுவிட்டு இளங்கோழிகள் வாங்கலாமா, கூண்டில் விளக்குப் போடலாமா? ஆடுகளுக்குக் கிடா சேர்க்கலாமா? பஞ்சாங்கம் சித்திரையை இளவேனில் என்கிறது. இங்கே இலை உதிர்கிறதே, பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பஞ்சாங்கம் தமிழ்நாட்டு வெயிலுக்கு எழுதியது. இங்கே பருவம் தலைகீழ், சித்திரையில் இலையுதிர் காலம். ஏப்ரல் 14 அன்று புத்தாண்டு கும்பிட்டுவிட்டுப் பிள்ளைகளோடு மடும்பிக் கிழங்கு (இங்கத்திய சேப்பங்கிழங்கு) தோண்டுங்கள், அவர்களுக்கே புரிந்துவிடும். கிடாவை இப்போதே சேர்க்கலாம். ஐந்து மாதச் சினை, மழை தொடங்கும் நேரத்தில் குட்டி.

கோழிக்கு வருகிறேன். உங்கள் கடிதம் வந்த காலையில் நானும் கூண்டுக்குள் குனிந்து இறகுதான் கூட்டிக்கொண்டிருந்தேன். விற்றுவிடலாமா என்ற வரியைப் படித்ததும் கோபம் வந்தது. முட்டையை எண்ணினீர்கள், கோழியைப் பார்த்தீர்களா? கொண்டை வெளுத்திருக்குமே, கழுத்து மொட்டையாகியிருக்குமே! அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல் இல்லை.

முட்டையிட நாளுக்குச் சுமார் 14 மணி நேர வெளிச்சம் வேண்டும். டர்பன் பக்கம் ஜூனில் பகலே பத்து மணி நேரம்தான். பகல் சுருங்கியதும் கோழி முட்டையை நிறுத்திவிட்டுப் பழைய இறகைக் கழற்றுகிறது. தலையில் தொடங்கிக் கழுத்து, முதுகு, வால் என்று இறங்கும். இறகில் பெரும்பகுதி புரதம். முட்டைக்குப் போன சத்தெல்லாம் இப்போது இறகுக்குப் போகிறது. சும்மா இருக்கிறது என்று நினைக்காதீர்கள், ஆண்டிலேயே அதற்குக் கடினமான வேலை இதுதான். இரண்டு மூன்று மாதம் ஆகும். விளக்குப் போட்டு அந்த ஓய்வையும் பறிக்காதீர்கள்.

எனக்கு ஏழு வயதிருக்கும். கூண்டு நிறைய இறகைப் பார்த்துவிட்டு, கீரி பிடித்துவிட்டது என்று அலறிக்கொண்டு ஓடினேன். ஆயா, என் பாட்டி, வந்து ஒரு பெட்டையின் கழுத்தருகே ஊதிக் காட்டினார். தோலைத் துளைத்துக்கொண்டு நீலக் குருத்துகள், பென்சில் முனைபோல. விரல் வைத்தேன், கோழி துடித்தது. கையைத் தட்டிவிட்டார். "உள்ளே ரத்தம் ஓடுகிறது, வலிக்கும்" என்றார்.

சந்தைக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் கோழிகளை விலைக்குக் கேட்டார். ஆயாவின் அப்பா இந்தியாவிலிருந்து ஐந்தாண்டு ஒப்பந்தத்தில், முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங்குக்குக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். காய்ச்சலில் படுத்த நாளுக்குக் கூலி கிடையாது என்று சொல்லிச் சொல்லி மகளை வளர்த்தவர். ஆயா பக்கத்து வீட்டுக்காரரிடம், "இது இங்கே கூலிக்கு வரவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அன்று மாலை மீன் தலைகளை வேகவைத்து, முள் நீக்கி, தவிட்டில் பிசைந்து வைத்தார். எங்களுக்கு அன்று வெறும் ரசம்.

நீங்களும் மீனோ வேகவைத்த பயறோ கொடுங்கள். கையில் தூக்காதீர்கள். நாளைக் காலை, தொடாமல், ஒரு கோழியின் கழுத்தில் மெல்ல ஊதிப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.