ஃபைல் எங்கே போச்சு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சேலத்தில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைநிலைக் கல்வி மாணவர்களுக்கு அடிப்படைக் கணினி வகுப்பு எடுக்கிறேன். வருபவர்களில் பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். கொலுசுப் பட்டறையில் வேலை பார்ப்பவர், தறிக்காரர், அங்கன்வாடி அக்கா என்று பலரும் இருக்கிறார்கள். புத்தகத்தில் முதல் பாடம் 'கணினியின் தலைமுறைகள்'. ஆரம்பித்தாலே கொட்டாவி விடுகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
– விரிவுரையாளர், சேலம்

பதில்: கொட்டாவி விடாமல் என்ன செய்வார்கள்? ஆறு நாள் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கம்பியோடு மல்லுக்கட்டிவிட்டு ஏழாவது நாள் பஸ் பிடித்து வந்தவரிடம் போய், 1946இல் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்ற ஆரம்பகாலக் கணினியில் ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன என்று சொன்னால் அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார். தேர்வில் கேட்பார்கள், அதனால் விட்டுவிடவும் முடியாது. சரி, கடைசி இரண்டு வகுப்புக்குத் தள்ளி வையுங்கள். மெஷினில் கை பழகிய பிறகு அந்தக் கதையைச் சொன்னால் அவர்களே ஆர்வமாகக் கேட்பார்கள்.

முதல் வகுப்பில் நீங்கள் பேசுவதைக் குறைத்துக்கொண்டு அவர்களைப் பேசவிடுங்கள். போனில் என்னென்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பணம் அனுப்புகிறார்கள், கரன்ட் பில் கட்டுகிறார்கள், பேத்தி ஆடுவதை வீடியோ எடுத்து மூன்று குரூப்பில் போடுகிறார்கள். அப்புறம் எப்படி அவர்களைக் 'கணினி தெரியாதவர்கள்' என்பது? அவர்களுக்குத் தெரியாதது இரண்டே விஷயம்தான். ஒன்று மவுஸ், இன்னொன்று ஃபைல் என்பது எங்கே போய் உட்காருகிறது என்பது. போனில் அந்த இரண்டாவது விஷயத்தை யாரும் யோசிக்கவே வேண்டியதில்லை, கேலரியைத் திறந்தால் போட்டோ இருக்கும், அவ்வளவுதான்.

மவுஸுக்குச் சீட்டாட்டம் போதும். நிஜமாகத்தான் சொல்கிறேன். 1990இல் வந்த விண்டோஸ் 3.0வில் சாலிட்டேர் விளையாட்டைச் சேர்த்ததே, ஒன்றைப் பிடித்து இழுத்து இன்னொரு இடத்தில் விடும் பழக்கம் மக்களுக்கு வரட்டும் என்பதற்காகத்தான் என்று சொல்வார்கள். அரை மணி நேரம் ஆட விடுங்கள். துறைத்தலைவர் எட்டிப் பார்த்தால் 'செய்முறைப் பயிற்சி' என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஃபைல் விஷயத்துக்குத்தான் மெனக்கெட வேண்டும். அந்த அங்கன்வாடி அக்கா ஒரு விடுப்புக் கடிதத்தை ஒற்றை விரலால் தட்டி முடித்து, சேவ் கொடுத்து, மூடியும் விடுவார். திறக்கச் சொன்னால் டெஸ்க்டாப்பை மேலும் கீழும் பார்த்துவிட்டு "ஃபைல் எங்கே போச்சு சார்?" என்பார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தேடி எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். தபால் முகவரியில் மாவட்டம், ஊர், தெரு, கதவு எண் என்று இருக்கிற மாதிரி ஃபைலுக்கும் டிரைவ், போல்டர், அதற்குள் ஒரு போல்டர், கடைசியில் பெயர் என்று விலாசம் உண்டு என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். பிறகு ஒவ்வொருவரும் தன் பெயரில் ஒரு போல்டர் போட்டு, அதற்குள் 'கடிதங்கள்' என்று இன்னொன்று போட்டு, அதில் ஃபைலைச் சேவ் செய்து, மெஷினை முறையாக ஷட்டவுன் செய்து, திரும்பப் போட்டு, அந்த ஃபைலைத் தானே திறக்க வேண்டும். 'சேவ் ஆஸ்' பெட்டி திறந்ததும் பெயர் கொடுக்கும் முன்னால் மேலே எந்த போல்டர் இருக்கிறது என்று வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். இது ஒன்று கைவந்தால் வேர்டும் எக்ஸெலும் தானாக வரும். இது வராமல் ஷார்ட்கட் கீ நூறு மனப்பாடம் செய்தாலும் பிரயோஜனமில்லை.

இன்னொன்று, அவர்கள் கையிலிருந்து மவுஸை வாங்காதீர்கள். "தள்ளுங்க, நான் காட்டுறேன்" என்று நாம் நாலு கிளிக்கில் முடித்துவிட்டால் அவர்களுக்கு மிஞ்சுவது கூச்சம் மட்டும்தான். விரலால் திரையைக் காட்டுங்கள், போதும்.

கேள்வி: ஏற்காட்டில் மகளிர் சுயஉதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன், 47 வயதில் பி.ஏ.வும் படிக்கிறேன். உறுப்பினர்களின் ஆதார் எண்ணை எக்ஸெலில் அடித்தால் புள்ளி, கூட்டல் குறி எல்லாம் போட்டு என்னவோ காட்டுகிறது. வங்கிக் கணக்கு எண்ணில் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிட்டது. நான் சரியாகத்தான் அடித்தேன்.
– வாசகி, ஏற்காடு

பதில்: நீங்கள் சரியாகத்தான் அடித்திருக்கிறீர்கள், அம்மா. எண்ணைப் பார்த்தால் எக்ஸெல் அதைக் கூட்டிக் கழிக்கிற தொகை என்றே எடுத்துக்கொள்ளும். பதினோரு இலக்கத்தைத் தாண்டினால் சுருக்கிக் காட்டும். ஆதார் பன்னிரண்டு இலக்கம், அதனால் மாட்டிக்கொள்கிறது. அதில் பயமில்லை, உள்ளே எண் பத்திரமாக இருக்கும். வங்கிக் கணக்கு எண் கதை வேறு. எக்ஸெல் பதினைந்து இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும், பதினாறாவது இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும், அது போனது போனதுதான், பாஸ்புக்கைப் பார்த்துத் திரும்ப அடிக்க வேண்டியதுதான். எண் பூஜ்யத்தில் தொடங்கினால் அந்தப் பூஜ்யத்தையும் விழுங்கிவிடும்.

வழி சுலபம். அடிக்கும் முன்னாலேயே அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து அதன் ஃபார்மட்டை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்று போடுங்கள். கூட்டிப் பார்க்கத் தேவையில்லாத எண் எதுவானாலும் அது பெயர் மாதிரிதான், எழுத்தாகவே வைத்துக்கொள்ளுங்கள். கடன் தொகை, சேமிப்பு, வட்டி இவை மட்டும் எண்ணாக இருக்கட்டும்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், அந்தப் பட்டியலை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். ஃபைலுக்குப் பாஸ்வேர்டு வைத்துவிடுங்கள்.

கேள்வி: விண்ணப்பத்தில் போட்டோ '50 கேபிக்குள்' இருக்க வேண்டுமாம். பிரவுசிங் சென்டரில் இதற்கே தனியாகக் காசு வாங்குகிறார்கள். கேபி என்றால் என்ன?
– மாணவர், ஆத்தூர்

பதில்: கணினி எதையும் பைட் என்ற அளவில்தான் வைக்கும். ஆங்கிலத்தில் உங்கள் மாவட்டத்தின் பெயரை அடித்தால் ஐந்து எழுத்து, ஐந்து பைட். தமிழில் 'சேலம்' என்று அடித்தால் கண்ணுக்கு மூன்றெழுத்து, ஆனால் ஏகாரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம், எழுத்தைப் பைட்டாக மாற்ற இப்போது பரவலாக இருக்கும் யூடிஎஃப்-8 முறையில் பதினைந்து பைட் ஆகும். 1,024 பைட் ஒரு கேபி (கிலோபைட்), 1,024 கேபி ஒரு எம்பி (மெகாபைட்). போனில் எடுத்த போட்டோ சாதாரணமாக இரண்டு மூன்று எம்பி இருக்கும். விண்டோஸில் இருக்கும் பெயின்ட்டில் அதைத் திறந்து, 'ரீசைஸ்' போய், அகலத்தையும் உயரத்தையும் விண்ணப்பத்தில் சொன்ன பிக்ஸல் அளவுக்குக் குறைத்து, ஜேபெக் (JPEG) வகைப் படமாகச் சேவ் செய்யுங்கள். காசு மிச்சம்.

கேள்வி: தமிழ் தட்டச்சுக்கு எந்த விசைப்பலகை? ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறுவதே போதாதா?
– வாசகர், ஓமலூர்

பதில்: வாட்ஸ்அப்புக்குப் போதும். பக்கம் பக்கமாக அடிக்க வேண்டியிருந்தால் 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 பழகுங்கள். உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. அ, ம, ம, ஆ என்று நாலு தட்டினால் 'அம்மா' வந்துவிடும், புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். விண்டோஸ் 11இல் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்தவராக இருந்தால் மட்டும் கை பழகிய பழைய தட்டச்சு முறையிலேயே அடியுங்கள்.

கேள்வி: தப்பான பட்டனை அழுத்தினால் கெட்டுப்போய்விடுமா? பயமாக இருக்கிறது.
– 52 வயது மாணவி, அஸ்தம்பட்டி

பதில்: கெடாது. தப்பாகிவிட்டால் கன்ட்ரோலோடு இசட் அழுத்துங்கள், அழித்தது திரும்பி வரும். கம்ப்யூட்டரில் டெலீட் செய்தாலும் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். பென்டிரைவில் மட்டும் பார்த்துச் செய்யுங்கள், அங்கே அழித்தது ரீசைக்கிள் பின்னுக்கு வராது.