ஐஸ் உடைந்து ஏரிக்குள் விழுந்தால்: கனடாவில் இருப்போருக்கான கேள்வி பதில்

கேள்வி (ஸ்கார்பரோ): கண்முன்னே ஒருவர் விழுந்துவிட்டால் ஓடிப்போய்க் கையைப் பிடித்துத் தூக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அவரைத் தாங்காத ஐஸ் உங்களையும் தாங்காது. முதலில் அவசர உதவி எண் 911ஐ அழையுங்கள். பிறகு கரையில் படுத்துக்கொண்டு ஹாக்கி மட்டை, ஏணி, நீளமான கிளை, எது கிடைக்கிறதோ அதை நீட்டுங்கள். எட்டவில்லையா, கயிற்றை எறியுங்கள். காரில் கிடக்கும் ஜம்பர் கேபிளும் உதவும். கயிற்று நுனியில் இறுகாத பெரிய வளையம் ஒன்று போட்டுவிடுங்கள். விரல்கள் சீக்கிரமே மரத்துவிடும், கயிறு கைக்கு வந்தாலும் பிடிக்க வராது. வளையத்தைத் தலைவழியே மாட்டி அக்குளுக்குக் கீழே இறக்கச் சொல்லுங்கள். நீங்கள் இழுக்கும்போது அவர் காலை உதைத்து உடம்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். நெட்டுக்குத்தாகத் தொங்கினால் நெஞ்சு முட்டி விளிம்பு உடைந்துகொண்டே போகும்.

கேள்வி (பிராம்ப்டன்): ரெண்டு நிமிஷத்துல உறைஞ்சு செத்துடுவாங்களாமே?

பதில்: இல்லை. இந்தப் பயமே பலரைப் பதறவைக்கிறது. மானிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் கணக்கு 1-10-1. மூச்சிரைப்பு அடங்க 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம்வரைதான், குளிரால் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம்.

கேள்வி (மார்க்கம்): அண்ணை, நானே விழுந்திட்டா?

பதில்: தலையை மேலே வைத்து, மூச்சு சீராகும்வரை பொறுங்கள் தம்பி. பிறகு வந்த பக்கமே திரும்புங்கள்; அதுவரை உங்களைத் தாங்கிய ஐஸ் அங்கேதான் இருக்கிறது. முழங்கைகளை மேலே ஊன்றி, காலை வேகமாக உதைத்து, வயிற்றால் வழுக்கி ஏறுங்கள். ஏறியதும் எழும்பாதீர்கள், உருண்டே கரைக்கு வாருங்கள். கழுத்தில் ஐஸ் ஊசிகள் (கைப்பிடி வைத்த கூர்முனைகள்) தொங்கினால் வழுக்கும் ஐஸில் குத்திப் பிடிக்கலாம். பைக்குள் இருந்தால் பயனில்லை.

கேள்வி: எவ்வளவு தடிப்பு இருந்தால் நடக்கலாம்?

பதில்: தெளிந்த நீல ஐஸ் என்றால் 15 சென்டிமீட்டர். வெள்ளை ஐஸுக்கு அதில் பாதி வலுதான். பாலத்தூண் அருகிலும் ஓடும் நீரின் மேலும் எந்த அளவையும் நம்பாதீர்கள்.

கேள்வி: வெளியே எடுத்தபின் கைகாலைத் தேய்த்துவிட்டு, கொஞ்சம் பிராந்தி கொடுக்கலாமா?

பதில்: இரண்டுமே ஆபத்து. மது உடம்புச் சூட்டை இன்னும் இறக்கும். தேய்த்தால் குளிர்ந்த தோல் புண்படும், உலுக்கலில் இதயத் துடிப்பும் தடுமாறலாம். நடக்கவிடாமல் படுக்கவைத்து, ஈர உடையை வெட்டி எடுத்து, நெஞ்சையும் கழுத்தையும் போர்த்துங்கள். நன்றாக விழித்திருந்தால் மட்டும் இளஞ்சூடான இனிப்புத் தேநீர். மூச்சில்லாவிட்டால் நெஞ்சை அழுத்தி மூச்சூதும் சிபிஆர் முதலுதவியைத் தொடங்குங்கள், உடம்பு சில்லிட்டுவிட்டதே என்று நிறுத்தாதீர்கள். 1999இல் நார்வேயில் ஐஸுக்கடியில் சிக்கிய அன்னா போகன்ஹோல்ம் 13.7 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்தும் பிழைத்தார்.