ஸ்போர்ட்ஸ் மசாஜ் செய்துகொண்டால் காயம் வராதா?

கேள்வி கேட்ட தம்பி கபடி ஆடுகிறவர். வாரம் ஒருமுறை ஸ்போர்ட்ஸ் மசாஜ் செய்துகொண்டால் தசைக் காயமே வராது என்று ஜிம்மில் சொல்லியிருக்கிறார்கள். காசைப் போட்டுச் செய்யலாமா என்று கேட்கிறார்.

நான் எங்கள் ஊர் கபடி டீமைப் பார்த்துக்கொள்கிறவன். பெயருக்குப் பயிற்சியாளர். வேன் பேசுவதிலிருந்து கால் அமுக்கிவிடுவது வரை எல்லாம் என் தலையில்தான். காசு இருந்தால் செய்யுங்கள் தம்பி, நல்லதுதான். ஆனால் அது காயத்துக்குக் காப்பு என்று நம்பிச் செய்யாதீர்கள்.

2020-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் ஸ்போர்ட்ஸ் மசாஜ் பற்றிய 29 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசினார்கள். அவற்றில் கலந்துகொண்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல். வேகம், பலம், தாவும் உயரம், தாக்குப்பிடிக்கும் சக்தி எதுவும் மசாஜால் கூடவில்லை. உடம்பின் வளைவுத்தன்மை கொஞ்சம் கூடியது, பயிற்சிக்கு மறுநாள் வரும் உடம்புவலி கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். ‘அவ்வளவுதானா’ என்று தோன்றும். ஒரே ராத்திரியில் மூன்று மேட்ச் ஆடிவிட்டு, மறுநாள் படி இறங்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பவனிடம் கேட்டால் அந்தக் ‘கொஞ்ச’த்தின் அருமை தெரியும்.

அப்புறம் இந்த லாக்டிக் ஆசிட் கதை. கடுமையாக ஆடும்போது தசையில் சேர்கிற பொருள் அது. மசாஜ் செய்தால் அது ‘வடிந்துவிடும்’ என்று இன்னமும் சொல்கிறார்கள். நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலே ஒரு மணி நேரத்துக்குள் அது தானாகக் குறைந்துவிடும். மறுநாள் வலிக்கு அது காரணமும் இல்லை. 2012-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களைச் சைக்கிள் மிதிக்க வைத்துக் களைக்கச் செய்து, ஒரு காலுக்கு மட்டும் பத்து நிமிடம் மசாஜ் செய்தார்கள். பிறகு இரண்டு தொடைகளிலிருந்தும் துளித் தசை எடுத்துப் பார்த்தார்கள். லாக்டேட், அதாவது அந்த லாக்டிக் ஆசிட் அளவில் வித்தியாசமே இல்லை. ஆனால் மசாஜ் செய்த காலில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் குறைந்திருந்தன. ஆக, உள்ளே ஏதோ நடக்கிறது. அது நம்மூரில் சொல்லும் காரணத்தால் இல்லை.

இனி என் அனுபவம். மசாஜால் எனக்குப் பெரிய லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. பையன்கள் வாயைத் திறந்து வலி என்று சொல்ல மாட்டார்கள், சொன்னால் வெளியே உட்கார வைத்துவிடுவேன் என்ற பயம். மின்னொளி கபடிக்கு முந்தின வாரம் கேட்டால் எல்லாரும் ‘ஃபிட்டுண்ணே’தான். குப்புறப் படுக்க வைத்து, தொடையின் பின்சதையில் கட்டைவிரலை மெதுவாக ஓட்டுவேன். வலது தொடையில் வழுக்கிக்கொண்டு போன விரல், இடது தொடையில் ஓரிடத்தில் மட்டும் கயிறு போல இறுகி நிற்கும். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கால் விரல்கள் தன்னால் சுருண்டுகொள்ளும். அன்று அவனுக்கு முழு வேக ஓட்டம் கிடையாது. தொடர்ந்து ஒரே கை பார்க்கிற உடம்பில் இந்த வித்தியாசம் சீக்கிரம் தெரியும். தடுப்பு என்று ஏதாவது இருந்தால் அது இந்த முன்னெச்சரிக்கையில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். மாதத்துக்கொரு கடை மாறினால் அது கிடைக்காது.

காயத்தை உண்மையிலேயே குறைப்பது பயிற்சி. மண்டியிட்டு, பின்னால் ஒருவர் இரண்டு கணுக்காலையும் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெதுவாக முன்னால் சாய்வது. நோர்டிக் பயிற்சி என்பார்கள். தொடைப் பின்சதைக் காயங்களை இது ஏறக்குறையப் பாதியாகக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பைசா செலவில்லை. முதல் வாரம் தொடை பிடித்துக்கொள்ளும், பையன்கள் என்னைத் திட்டுவார்கள். அந்தப் பிடிப்புக்கு வேண்டுமானால் மசாஜ் செய்யுங்கள்.

நேரமும் முக்கியம். அழுத்தமான மசாஜ் என்றால் போட்டிக்கு இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள். மேட்ச் அன்று ஐந்து நிமிடம் லேசாக, வேகமாகத் தேய்த்தால் போதும். அழுத்தினால் கால் தொளதொளவென்று ஆகிவிட்டதாகப் பையன்களே சொல்வார்கள். முடிந்த பிறகு மெதுவாக நீவிவிட்டுத் தூங்கவிடுங்கள்.

எப்போது கையே வைக்கக் கூடாது என்பதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். டிஃபென்ஸில் எதிராளியின் முட்டி தொடையில் இடித்து வீங்கினால், நம் பக்கத்தில் உடனே சுடச்சுட எண்ணெய் வைத்து உருவ ஆள் வந்துவிடுவார். பாசம்தான், ஆனால் விடாதீர்கள். உள்ளே ரத்தம் கட்டியிருக்கும். அதைப் போட்டு அழுத்தினால் கசிவு கூடும், சிலருக்கு அந்தத் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மாதக்கணக்கில் மடக்க முடியாமல் போகும். முதல் இரண்டு மூன்று நாள் ஐஸ், துணிக்கட்டு, ஓய்வு. தசை ‘பட்’டென்று கிழிந்த மாதிரி இருந்தாலும் இதே கதைதான். நீண்ட பயணத்துக்குப் பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அது ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்த கட்டியாக இருக்கலாம். அமுக்கினால் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைக்கலாம், உயிருக்கே ஆபத்து. நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

வாரம் ஒருமுறைக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் சீசன் நடக்கும்போது மட்டும் மாதம் ஒன்றிரண்டு போதும். மற்ற நாளில் ஒரு டென்னிஸ் பந்தைத் தரையில் வைத்து, பின்தொடையை அதன்மேல் உருட்டிக்கொள்ளுங்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்று கவனியுங்கள்: எங்கே வலி, எப்போதிலிருந்து, அடுத்த மேட்ச் எப்போது என்று கேட்கிறாரா? கேட்காமலே எண்ணெய் பாட்டிலைத் திறந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.