மேட்டூரும் மழையும்: டெல்டா விவசாயிகளின் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "அணை எப்போது திறக்கும்?" என்பதுதான். அதை அரசு அறிவிக்கும். என்னிடம் சாவி இல்லை. மற்றவற்றுக்கு வருகிறேன்.

கும்பகோணம்: எல் நினோ ஆண்டு என்றால் டெல்டாவுக்கு வறட்சி உறுதிதானே, ஐயா?

பாதிதான் உண்மை. எல் நினோ என்பது பசிபிக் கடல் நடுவிலும் கிழக்கிலும் வழக்கத்தைவிடச் சூடாவது. நாம் இரண்டு மழையை நம்பிப் பிழைக்கிறோம். ஆற்றில் வருவது தென்மேற்குப் பருவத்தில் குடகிலும் வயநாட்டிலும் பெய்த தண்ணீர். வயலில் நேராக விழுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. எல் நினோ முதல் மழையைக் குறைக்கப் பார்க்கும். இரண்டாவதைப் பெரும்பாலும் கூட்டிவிடும். 2015-இல் சென்னை மூழ்கியது வலுவான எல் நினோ ஆண்டில்தான். ஆகவே அப்படிப்பட்ட ஆண்டில் முதல் அடி குறுவைக்கும் (ஜூன் வாக்கில் தொடங்கும் குறுகிய கால நெல்) சம்பா (அதன்பின் வரும் நீண்ட கால நெல்) நாற்றங்காலுக்கும். அதே வயல் கார்த்திகையில் வெள்ளத்தில் நிற்கவும் கூடும்.

நான் பயப்படுவது இரண்டு மழையும் சேர்ந்து பொய்ப்பதற்குத்தான். 2016 அப்படித்தான். கர்நாடக அணைகள் நிரம்பவில்லை. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையும் 62 விழுக்காடு குறைந்தது. 2015-இன் எல் நினோவோ அந்த ஆண்டின் நடுவிலேயே முடிந்துவிட்டிருந்தது! இனி வாட்ஸ்அப்பில் யாராவது எல் நினோ என்று பயமுறுத்தினால், எந்த மழையைச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

திருவாரூர்: அணையில் 100 அடி இருந்தால் குறுவைக்குப் போதாதா?

அடியைப் பார்க்காதீர்கள், டி.எம்.சி.யைப் பாருங்கள் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). 120 அடியில் 93.47 டி.எம்.சி.; 100 அடியில் ஏறத்தாழ 65 தான். நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்தால் ஒரு டி.எம்.சி. போய்விடும். வரத்தே இல்லாவிட்டால் இரண்டு மாதம்கூட முழுதாகத் தாங்காது. குறுவையோ மூன்று மாதத்துக்கு மேல் தண்ணீர் கேட்கும். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் வகுத்தது. மழை குறைந்த ஆண்டில் பற்றாக்குறையை எப்படிப் பகிர்வது என்பதில்தான் இழுபறி.

மன்னார்குடி: செப்டம்பர் 20 வாக்கில் சி.ஆர். 1009 நெல் விதைக்கலாமா?

கூடாது. விதை மூட்டையில் ரகத்தின் வயதைப் பாருங்கள் என்று எத்தனை முறை சொல்வது? 1009-இன் வயது 155 நாளுக்குக் குறையாது. செப்டம்பர் 20-இல் விதைத்தால் அறுவடைக்குப் பிப்ரவரி 22 ஆகிவிடும். மேட்டூரை மூடும் வழக்கமான நாள் ஜனவரி 28. கதிர் பால் பிடிக்கும்போது யார் தண்ணீர் விடுவது? 130 முதல் 135 நாள் ரகத்துக்கு மாறுங்கள்.

நீடாமங்கலம்: அணை எப்போது திறக்கும்?

முதல் பத்தி.

திருவையாறு: ஜூன் 12 நம் மரபு. தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் அன்று திறந்தே ஆக வேண்டும்.

முத்துப்பேட்டை: திருவையாற்று அண்ணன் சொல்வது மேல்மடைக்குச் சரி. எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருவதற்குள் ஆடி முடிந்துவிடும். நீங்கள் குறுவை எடுக்கிறீர்கள், நாங்கள் சம்பாவை இழக்கிறோம்.

திருவையாறு: வாய்க்கால் தூர்ந்து கிடப்பதற்கு நாங்களா பொறுப்பு, தம்பி?

இருவரும் கொஞ்சம் பொறுங்கள். 2023-ஐ நினைத்துப் பாருங்கள். ஜூன் 12-இல் திறந்தார்கள். அணையில் ஓரளவு தண்ணீரும் இருந்தது. கர்நாடகத்தில் மழை பொய்த்தது, வரத்து நின்றது. கடைமடையில் குறுவை கருகியது. அக்டோபரிலேயே அணையை மூடினார்கள். முத்துப்பேட்டைக்காரரின் கோபத்துக்கு அங்கே நியாயம் இருக்கிறது.

ஆனால் திறக்காமல் வைத்திருந்தால் சம்பா தப்பிவிடும் என்பதும் கணக்கல்ல. 2017-இல் அக்டோபர் 2-இல்தான் திறந்தார்கள். குறுவை ஆற்றுப் பாசனத்தில் இல்லவே இல்லை, சம்பாவும் தாமதமாயிற்று. சம்பா தள்ளினால் அறுவடை தள்ளும். பின்னால் வரும் உளுந்தும் பயறும் பனி ஈரத்தை இழந்து வெயிலில் மாட்டும். என் கட்சி இதுதான்: தேதியைக் கும்பிடாமல், இருப்பையும் குடகு மழையையும் பார்த்து, குறுவைக்கு எவ்வளவு பரப்பு என்பதை மே மாதமே அறிவிக்க வேண்டும். பம்புசெட் உள்ளவர் எப்படியும் நடுவார். இல்லாதவரிடம் நம்பிக்கை கொடுத்துவிட்டு ஆகஸ்டில் கைவிடுவதுதான் கொடுமை.

தூர்வாருவது பற்றி இருவருக்கும் ஒரே பதில்: தண்ணீர் திறந்த பிறகு வாய்க்காலில் பொக்லைன் இறக்குவது வேலை இல்லை, படம் பிடிப்பது.

திருத்துறைப்பூண்டி: நாற்றங்காலுக்குத் தண்ணீர் இல்லை. புழுதி விதைப்பு கைகொடுக்குமா?

கொடுக்கும். கோடை மழையில் உழுது புழுதியாக்கி வைத்து விதையுங்கள்; மழை விழுந்ததும் முளைக்கும். நாற்றுப் பறித்து நடும் அதிர்ச்சி இல்லாததால் அதே ரகம் ஒரு வாரம் முன்னதாகவே முற்றும். களைதான் எமன். முளைக்குமுன் தெளிக்கும் மருந்தை ஈரம் இருக்கும்போது மட்டும் தெளியுங்கள். முதல் முப்பது நாள் வயலை விட்டு நகராதீர்கள்.

வேதாரண்யம்: போர்க் கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஏறுகிறது.

கடலோரத்தில் இறைக்க இறைக்க உப்பு உள்ளே வரும். இன்னும் ஆழமாகப் போடாதீர்கள். மண், நீர் பரிசோதனை நிலையத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள்.

பாபநாசம்: பயிர்க் காப்பீட்டுக்கு என்ன செய்ய வேண்டும்?

அடங்கலோடு (கிராம நிர்வாக அலுவலர் தரும் பயிர்ப் பதிவு) பொதுச் சேவை மையத்துக்குப் போங்கள். கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள்.

வலங்கைமான்: அக்டோபர் முதல் வாரத்தில் 1009 போடலாமா, ஐயா?

மன்னார்குடிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். பதினைந்து நாள் இன்னும் மோசம்.